உருகும் பனிமலையும் நமது குளங்களும்



கந்தளாய்க் குளக்கட்டின் மீது நின்று நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நீர். மறுபக்கம் தாழ்ந்து கிடக்கும் வயல்வெளி. மாரியில் பெய்த மழையும் கால்வாய் வழியே வந்து சேர்ந்த நீரும் வீணே கடலுக்கு ஓடிவிடாமல், சிறுபோகத்திற்கென்று அங்கே தடுத்து நிறுத்தப்பட்டிருக்கின்றன. ஏழாம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி மன்னன் அமைத்ததாகக் கூறப்படும் அக்குளம் இன்றும் செய்வது ஒரே வேலையைத்தான்: நீர் உள்ள மாதத்தில் சேர்த்துவைத்து, நீர் இல்லாத மாதத்தில் கொடுக்கிறது.

இக்கட்டுரை வேறொரு குளத்தைப் பற்றியது. அதற்குக் கட்டு இல்லை, துருசு இல்லை, வான் கதவும் இல்லை. எந்த மன்னனும் அதை வெட்டவில்லை. இமயமலையின் உச்சிகளுக்கிடையே, பனிக்கட்டியாக உறைந்து, ஒரு பெரும் நீர்த்தேக்கம் படுத்துக்கிடக்கிறது. அதைப் பனிக்கட்டியாறு என்று பாடசாலைப் புவியியல் நூலில் படித்திருப்பீர்கள். அது இப்போது சுருங்கிக்கொண்டிருக்கிறது.

துறைமுக நகரில் வாழும் நமக்கும் பனிமலைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் நாட்டின் மிக உயர்ந்த மலையாகிய பீதுருதலாகல 2,524 மீற்றர் உயரமே உடையது. தை, மாசி மாதங்களில் நுவரெலியாவின் புல்நுனிகளில் துகள் உறைபனி படிந்தால் அதுவே நாளிதழ்களுக்குச் செய்தியாகிறது. வெயில் ஏறியதும் அதுவும் மறைந்துவிடுகிறது. மத்திய மலைநாட்டில் பிறந்து 335 கிலோமீற்றர் ஓடிவந்து கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கும் மகாவலியை மூதூர், கிண்ணியா மக்கள் வெறுமனே ‘கங்கை’ என்றே அழைப்பர். அந்தக் கங்கை முழுவதும் மழையின் பிள்ளை. மழை பொய்த்தால் அதற்குப் பின்னால் நிற்பவை மனிதன் கட்டிய நீர்த்தேக்கங்கள் மட்டுமே.

வடஇந்தியாவின் கங்கையோ அப்படியன்று. உத்தரகாண்ட் மாநிலத்தின் உத்தரகாசி மாவட்டத்தில் கங்கோத்ரி என்னும் பனிக்கட்டியாறு இருக்கிறது. நீளம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். அகலம் அரைக் கிலோமீற்றர் முதல் இரண்டரைக் கிலோமீற்றர் வரை. 7,138 மீற்றர் உயர்ந்த சௌகம்பா மலைத்தொகுதியின் சரிவுகளில் அது தொடங்குகிறது. ஏறத்தாழ 4,000 மீற்றர் உயரத்தில் கோமுகம் எனப்படும் இடத்தில் முடிகிறது. அந்த முனையிலுள்ள பனிக்குகையிலிருந்து பாகீரதி ஆறு வெளிப்படுகிறது. தேவப்பிரயாகையில் அலக்நந்தாவுடன் கலந்த பின்னரே அதற்குக் கங்கை என்று பெயர். நமது மிக உயர்ந்த மலையின் உச்சியைவிட, அந்தப் பனிக்கட்டியாற்றின் அடிமுனையே ஏறத்தாழ 1,500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது என்பதைச் சற்று எண்ணிப்பாருங்கள்.

நான் அவ்விடத்தை நேரில் கண்டவனல்லன். நூல்களையும் வரைபடங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் பார்த்தே எழுதுகிறேன்.

பனிக்கட்டியாறு என்பது அசையாமல் கிடக்கும் பனிக்கட்டி என்று பலர் நினைக்கின்றனர். அது அசைகிறது. மேற்பகுதியில் ஆண்டுதோறும் விழும் பனி, அடுக்கின் மேல் அடுக்காக அழுந்தி, தன் பாரத்தாலேயே கட்டியாகி, அதே பாரத்தால் மெல்ல மெல்லச் சரிவில் இறங்குகிறது. கீழே வெப்பம் கூடிய இடத்தை அடைந்ததும் உருகி ஆறாகிறது. அப்படியானால் முன்னோக்கி நகரும் ஒன்று எப்படிப் ‘பின்வாங்க’ முடியும்? இங்கேதான் பலருக்கும் குழப்பம் ஏற்படுகிறது. ஒரு கடைக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் கடைக்குச் சரக்கு வந்துகொண்டேயிருக்கிறது. ஒவ்வொரு நாளும் விற்பனையும் நடக்கிறது. வரவைவிட விற்பனை கூடினால், சரக்கு வருவது நிற்காவிட்டாலும் கடையின் தட்டுகள் காலியாகிக்கொண்டே போகும். பனிக்கட்டியாறும் அவ்வாறே. மேலிருந்து பனிக்கட்டி இறங்கிக்கொண்டேயிருக்கிறது. ஆனால் அதைவிட வேகமாக முனை உருகுவதால், முனை நிற்கும் இடம் ஆண்டுக்காண்டு மலைமேல் ஏறிக்கொண்டு போகிறது.

அந்த முனையை அளந்து வரைந்தவர்களுள் முக்கியமானவர் இந்தியப் புவிச்சரிதவியல் ஆய்வுத் திணைக்களத்தைச் சேர்ந்த ஜே. பி. ஓடன் என்பவர். 1935ஆம் ஆண்டில் அவர் வரைந்த வரைபடமே பிற்காலத்து அளவீடுகளுக்கெல்லாம் தொடக்கக் கோடாக அமைந்தது. 1935 முதல் 2022 வரையான 87 ஆண்டுகளில் கங்கோத்ரியின் முனை ஏறத்தாழ 1,700 மீற்றர் பின்வாங்கியுள்ளது. ஒரு மைலுக்கும் அதிகமான தூரம்! ஆண்டுக்குச் சராசரியாக இருபது மீற்றர் என்று கொள்ளலாம். ஓடன் பனிக்கட்டியைத் தொட்ட இடத்தில் இன்று நிற்பவர் கல்லையும் புழுதியையும்தான் தொடுவார்.

இவ்விடத்தில் என் மாணவப் பருவத்துப் பிழையொன்றை மறைக்காமல் கூறிவிடுகிறேன்.

2009ஆம் ஆண்டு. அரபுக் கல்லூரியில் வியாழக்கிழமை இரவுகளில் மாணவர் மன்றம் கூடும். அன்று எனது முறை. ‘இயற்கையின் சீற்றம்’ என்று தலைப்பிட்டு, இமயமலைப் பனிக்கட்டி முழுவதும் 2035ஆம் ஆண்டுக்குள் உருகி மறைந்துவிடும், கங்கை வறண்டுவிடும் என்று முழங்கினேன். மாணவர்கள் வாயடைத்துப் போயினர். எனக்கோ உள்ளூரப் பெருமிதம். மன்றம் கலைந்ததும், எங்களுக்கு ஹதீஸ் பாடம் நடத்திய ஹஸ்ரத் என்னை அருகே அழைத்தார்.

“தம்பி, 2035 என்று சொன்னீரே, யார் சொன்னது?”

“பத்திரிகையில் வந்தது, ஹஸ்ரத்.”

“பத்திரிகைக்கு யார் சொன்னார்?”

“விஞ்ஞானிகள்.”

“எந்த விஞ்ஞானி? அவர் அளந்து சொன்னாரா, நினைத்துச் சொன்னாரா?”

எனக்கு விடை தெரியவில்லை. அவர் கோபிக்கவில்லை. “ஸனது தெரியாமல் மிம்பரில் ஏறக்கூடாது” என்று மட்டும் கூறிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அவர் மீது சற்று மனத்தாங்கல். இது என்ன ஹதீஸா, அறிவிப்பாளர் தொடரை ஆராய்வதற்கு என்று எண்ணிக்கொண்டேன்.

சில மாதங்களுக்குள், 2010 ஜனவரியில், காலநிலை மாற்றம் பற்றிய பன்னாட்டு அரசாங்கக் குழு அந்த 2035 என்ற கூற்றைத் தவறென்று ஒப்புக்கொண்டு திரும்பப் பெற்றது. கூற்று வந்த வழியை ஆராய்ந்தபோது, 2007இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை அதை 2005ஆம் ஆண்டு அறிக்கையொன்றிலிருந்து எடுத்திருந்தது. அந்த அறிக்கையோ 1999இல் அறிவியல் சஞ்சிகையொன்றில் வந்த செவ்விச் செய்தியிலிருந்து எடுத்திருந்தது. தொடரின் தொடக்கத்தில் அளவீடு எதுவும் இருக்கவில்லை. பலவீனமான ஸனது! ஹஸ்ரத்திடம் சென்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “ஒரு அறிவிப்பு பலவீனமானால் அதை மட்டும் தள்ளும், அந்தப் பாடம் முழுவதையும் தள்ளிவிடாதீர்” என்றார்.

அந்தப் பிந்திய வாக்கியம் முக்கியமானது. ஏனெனில் அந்த ஒரு பிழையைப் பிடித்துக்கொண்டு, பனி உருகுவதே பொய் என்று வாதிட்டவர்களும் அக்காலத்தில் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். ஆண்டைக் கூறியது பிழை; பனி குறைகிறது என்பது பிழையன்று. ஓடனின் வரைபடமும் செயற்கைக்கோள் படங்களும் அளவுகோல் பிடித்துச் சொல்பவை. நேபாளத்தைத் தலைமையகமாகக் கொண்ட ஒருங்கிணைந்த மலை அபிவிருத்திக்கான பன்னாட்டு நிலையம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்துகுஷ் இமயமலைப் பகுதியின் பனிக்கட்டியாறுகள் 2011–2020 காலத்தில் அதற்கு முந்திய பத்தாண்டைவிட 65 வீதம் வேகமாகக் குறைந்துள்ளன. எல்லா இடத்திலும் ஒரே அளவில் அன்று. காரகோரம் மலைத்தொடரில் சில பனிக்கட்டியாறுகள் நெடுங்காலம் நிலைத்து நின்றன. சில முன்னேறவும் செய்தன. இதையும் சேர்த்தே கூறுவதுதான் நேர்மை.

கங்கை வறண்டுவிடும் என்று நான் முழங்கியதும் மிகைதான். சமவெளியில் ஓடும் கங்கையின் பெரும்பகுதி பருவமழையின் நீர். மலையடிவாரத்திலேயே கூட, பனியும் பனிக்கட்டியும் உருகி வரும் நீர் ஆண்டுச் சராசரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அளவே என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. அப்படியானால் கவலையில்லை என்று கொள்ளலாமா? கந்தளாய் விவசாயியிடம் கேளுங்கள். ஆண்டில் எவ்வளவு மழை பெய்தது என்று அவர் கேட்கமாட்டார்; ஆடி மாதத்தில் குளத்தில் எவ்வளவு நீர் நிற்கிறது என்றுதான் கேட்பார். பனிக்கட்டியின் நீர் வரும் காலம்தான் அதன் பெறுமதி. மழைக்கு முந்திய கடுங்கோடையில், வயல் வெடிக்கும் நேரத்தில் அது வருகிறது. மேற்கே சிந்து நதியோ இன்னும் கூடுதலாகப் பனியையும் பனிக்கட்டியையும் நம்பி நிற்பது. பாகிஸ்தானின் கோதுமை வயல்கள் அந்நீரைக் கொண்டுதான் விளைகின்றன.

இதில் ஏமாற்றும் தன்மை ஒன்றும் உண்டு. பனிக்கட்டி வேகமாக உருகும் ஆண்டுகளில் ஆற்றில் நீர் குறைவதில்லை, கூடுகிறது. வாய்க்கால் நிறைந்து ஓடும். கீழே இருப்பவன் இது நல்ல காலம் என்று எண்ணி மேலும் நிலத்தை உழுவான். இலாபத்தில் வாழாமல் முதலை எடுத்துச் செலவழிக்கும் வியாபாரியின் வீட்டிலும் சில காலம் இப்படித்தான் செழிப்பாகத் தெரியும். முதல் ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் ஆண்டுதோறும் வரும் நீர் குறையத் தொடங்கும். அதன் பின் அது கூடுவதில்லை.

காரணம் என்னவென்பதை நீங்கள் அறிவீர்கள். நிலக்கரியும் எண்ணெயும் எரித்த புகையால் பூமியின் சராசரி வெப்பநிலை, தொழிற்புரட்சிக்கு முந்திய காலத்தைவிட ஒரு பாகை செல்சியசுக்கு மேல் உயர்ந்துவிட்டது. இமயத்தில் இன்னொரு காரணமும் சேர்கிறது. செங்கற் சூளை, டீசல் வாகனம், வயலில் எரிக்கும் வைக்கோல் ஆகியவற்றின் கரித்துகள் காற்றில் ஏறிப் பனியின் மேல் படிகிறது. வெண்பனி வெயிலைத் திருப்பி அனுப்பும். கறுத்த பனி அதை உள்ளே வாங்கிக்கொள்ளும். விசித்திரம் என்னவெனில், மெல்லிய தூசி உருகுதலை விரைவுபடுத்த, கனத்த கல்மூட்டம் அதைத் தாமதப்படுத்துகிறது. முற்காலத்தில் ஐஸ் கட்டியை மரத்தூளுக்குள் புதைத்து வைத்ததற்கும் இதே நியாயம்தான். கங்கோத்ரியின் கீழ்ப்பகுதி இவ்வாறு கல்லால் மூடப்பட்டது. ஆகவே அதன் முனை பின்வாங்குவதை மட்டும் பார்த்தால் போதாது. கல்லுக்குக் கீழே பனிக்கட்டியின் தடிப்பும் குறைந்துகொண்டு வருகிறது.

பனிக்கட்டி விட்டுச்சென்ற நிலம் எப்படி இருக்கிறது? கங்கோத்ரி ஊரிலிருந்து கோமுகத்திற்கு ஏறத்தாழ 18 கிலோமீற்றர் நடைபாதை. வழியில் சீர்பாசா, போஜ்பாசா என்று இரு இடங்கள். ‘சீர்’ என்பது பைன் மரம். ‘போஜ்’ என்பது பூர்ச்ச மரம், அதாவது காகிதம் பரவுவதற்கு முன் வடநாட்டார் எழுதப் பயன்படுத்திய மரப்பட்டையைத் தரும் மரம். பூர்ச்ச மரத்தால் பெயர்பெற்ற போஜ்பாசாவில் அம்மரங்கள் அருகிப்போயின. யாத்திரிகர்களின் அடுப்புக்கு விறகானதும் அதற்கொரு காரணம். 2008 முதல் கோமுகத்திற்கு நாளொன்றுக்கு 150 பேருக்கு மேல் செல்ல அனுமதிப்பதில்லை. போஜ்பாசாவைக் கடந்தால் மரம் இல்லை. பனிக்கட்டி அரைத்துத் தள்ளிய பாறையும் மணலும் இருபுறமும் மேடுகளாகக் குவிந்து கிடக்கின்றன. அவற்றைத் தாங்கி நின்ற பனிக்கட்டி விலகியதால், அம்மேடுகள் மழைக்கு இடிந்து விழுகின்றன.

இம்மேடுகளைப் பற்றித்தான் நான் இன்னும் சற்று விரிவாகக் கூற வேண்டும். பனிக்கட்டியாறு பின்வாங்கும்போது, அது தள்ளிவைத்த கல்மேட்டிற்கும் அதன் முனைக்கும் இடையே ஒரு பள்ளம் உண்டாகிறது. உருகும் நீர் அங்கே தேங்குகிறது. இப்போது பாருங்கள்: மேலே உறைந்திருந்த கட்டில்லாக் குளம், கீழே கட்டுள்ள குளமாக மாறிவிட்டது. ஆனால் அந்தக் கட்டை எந்தப் பொறியியலாளரும் கட்டவில்லை. களிமண் இட்டு யானையால் மிதிப்பிக்கவில்லை. சிதறிய கல்லும் மணலும் சேர்ந்த குவியல் அது. சிலவிடங்களில் அதன் உள்ளேயும் பனிக்கட்டியே ஒளிந்திருக்கிறது. அதுவும் உருகும்.

கேதார்நாத் ஆலயத்திற்கு மேலே சோராபாரி பனிக்கட்டியாற்றின் ஓரத்தில் அப்படியொரு ஏரி இருந்தது. 2013 ஜூன் 16, 17 ஆகிய நாட்களில் அடைமழை பெய்தது. பனியும் சேர்ந்து உருகியது. 17ஆம் திகதி காலையில் கல்மேடு உடைந்து, ஏரி முழுவதும் சில நிமிடங்களில் கீழே இறங்கியது. யாத்திரைக் காலம். அவ்வெள்ளத்தில் உத்தரகாண்டில் இறந்தோரும் காணாமற்போனோரும் ஐயாயிரத்திற்கும் மேல்.

சிக்கிம் மாநிலத்தின் தெற்கு லோனாக் ஏரி பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகவே ஆய்வாளர்கள் விரல்நீட்டி எச்சரித்துவந்த ஏரி. பனிக்கட்டியாறு பின்வாங்கப் பின்வாங்க அது நீண்டுகொண்டே சென்றது. 2023 ஒக்டோபர் 3ஆம் திகதி இரவு, அருகிலிருந்த உறைநிலச் சரிவு இடிந்து ஏரிக்குள் விழுந்தது. எழுந்த பேரலை கல்மேட்டை உடைத்தது. கீழே சுங்தாங்கில் 1,200 மெகாவாற் மின்நிலையத்தின் அணைக்கட்டு அடித்துச் செல்லப்பட்டது. ஐம்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். இன்னும் பலர் கண்டெடுக்கப்படவேயில்லை.

இதை வாசிக்கும் கந்தளாய்ச் சகோதரர்களுக்கு நான் விளக்கவேண்டிய அவசியமில்லை. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்ததும், 120க்கு மேற்பட்டோர் மாண்டதும், வீடுகளும் வயல்களும் அழிந்ததும் அவர்கள் கண்டவை. நான் பிறப்பதற்கு முன் நடந்தது அது.

மலையில் வாழ்வோர் கைகட்டி இருக்கிறார்கள் என்றும் எண்ணவேண்டாம். லடாக்கில் செவாங் நோர்ஃபெல் என்ற பொறியியலாளர் 1980களின் பிற்பகுதி முதல், குளிர்காலத்தில் வீணே ஓடும் நீரை நிழற்சரிவுகளில் தடுத்து உறையவைத்து, விதைப்புக் காலத்தில் உருகிவரச் செய்தார். பின்னர் சோனம் வாங்சுக் என்பவர் அந்நீரைக் குழாய்வழி பீறிடச்செய்து கூம்புபோல் உறையவைக்கும் முறையைக் கொண்டுவந்தார். நம் முன்னோர் மண்ணால் செய்ததை அவர்கள் பனிக்கட்டியால் செய்கின்றனர். பல்திஸ்தான் முஸ்லிம் கிராமங்களிலோ இன்னும் பழைய வழக்கம் ஒன்று உண்டு: ‘ஆண்’ பனிக்கட்டி, ‘பெண்’ பனிக்கட்டி என்று இரு வகையைச் சுமந்துசென்று உயரத்தில் சேர்த்துப் புதைத்துப் புதிய பனிக்கட்டியாற்றை ‘நட்டு’ வளர்ப்பது. கேட்டால் சிரிப்பு வரலாம். நிழலான, உயரமான இடமாகத் தேர்ந்து புதைக்கும் அனுபவ அறிவு அதற்குள் இருக்கிறது என்பதால் நான் சிரிக்கத் தயங்குகிறேன்.

உருகிய நீரெல்லாம் முடிவில் வருவது நம் வாசலுக்குத்தான். சர்பத் கோப்பையில் மிதக்கும் ஐஸ் உருகினால் கோப்பை நிறைந்து வழிவதில்லை. வெளியிலிருந்து ஓர் ஐஸ் கட்டியைப் போட்டால் மட்டம் ஏறும். மலைப் பனிக்கட்டி இரண்டாவது வகை. 2000 முதல் 2023 வரை உலகின் மலைப் பனிக்கட்டியாறுகள் ஆண்டுக்குச் சராசரியாக 27,300 கோடி தொன் பனிக்கட்டியை இழந்து, கடல்மட்டத்தை 18 மில்லிமீற்றர் உயர்த்தியுள்ளன என்பது 2025இல் வெளியான கணக்கு. சிறிய எண்தான். கொட்டியாரக் குடாவின் தாழ்ந்த கரைகளில் கிணறு வைத்திருப்போர் அதைச் சிறிதென்று நினைக்க முடியாது. கடல் உயர உயர, நிலத்தடியில் உவர்நீரும் உள்ளே தள்ளும்.

இக்கட்டுரையை எழுதத் தொடங்கிய வாரத்தில், கந்தளாயில் நெற்காணி செய்யும் மூத்தவர் ஒருவரைச் சந்தித்தேன். காக்கா என்றே அழைப்பேன். கட்டு உடைந்தபோது அவர் இளைஞர். தெற்கு லோனாக் ஏரியைப் பற்றி அவரிடம் விவரித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒரேயொரு கேள்வி கேட்டார்.

“அந்தக் கட்டில் இரவில் ஆள் இருந்ததா, மௌலவி?”

இல்லை என்றேன். ஐயாயிரம் மீற்றருக்கு மேற்பட்ட உயரம். மனிதர் தங்கும் இடமன்று. எச்சரிக்கைக் கருவிகளைப் பொருத்தும் பணி செப்டம்பரில் தொடங்கியிருந்தது. அது நிறைவேறுமுன் ஏரி உடைந்துவிட்டது என்று கூறினேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “மாரியில் மழை கனத்தால் இன்றைக்கும் நான் படுக்குமுன் வாசலுக்கு வந்து, கட்டுப் பக்கம் டோர்ச் வெளிச்சம் நடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுப்பேன்” என்றார்.